இன்னும் ஒரு விரல்

இதில் ஓர் எழுத்து பொய்யென்றாலும் என் வாயில் மிச்சமிருக்கும் பற்கள் இன்றைக்கே உதிரட்டும். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அந்த வீட்டுக்குள் இருந்தவர்கள் தங்கள் வாயால் சொன்னதைத் தவிர ஒரு சொல்லும் இதில் கிடையாது.

மேனேஜரைத் துண்டில் சுருட்டி மடியில் இடுக்கிக்கொண்டு, வலது கையின் கடைசி விரலுக்கு வந்திருந்தாள் அவள். அப்போதுதான் முன்னறையில் கரண்டி டம்ளரில் பட்டது.

ஒன்று. இரண்டு. மூன்று.

"இருங்க, வர்றேன். இன்னும் ஒரு விரல்தான்" என்றாள், மூடியிருந்த கதவைப் பார்த்து.

மேனேஜர் என்றதும் பதற வேண்டாம். சுண்டெலிக்குப் பெரியது, பெருச்சாளிக்குச் சிறியது, மணல் நிறம், வால் நுனியில் தூரிகை போல ஒரு குஞ்சம். ஜெர்பில் என்று பெயர். பாலைவனத்துப் பிராணியாம். அது பாலைவனத்தை விட்டு ஒரு மாடிக் குடியிருப்பின் பின்னறைக்கு வந்து சேர்ந்ததற்குக் காரணம் அவள் கணவர். அவர் வேலை பார்த்த செருப்புக் கடைக்குப் பக்கத்தில் மீன், கிளி, முயல் விற்கும் கடை ஒன்று இருந்தது. அந்தக் கடைக்காரர் ஷட்டரை இறக்கிய அன்று, "ரெண்டே நாள் வச்சிருங்க, வந்து வாங்கிக்கறேன்" என்று ஒரு கண்ணாடிப் பெட்டியை இவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். மூன்று வருஷமாகியும் அந்த இரண்டு நாள் முடியவில்லை.

பெட்டியில் இரண்டு இருந்தன. நாளெல்லாம் தூங்கிவிட்டு, தீனி டப்பாவின் சத்தத்துக்கு மட்டும் எழுந்து வந்து மேற்பார்வை பார்ப்பதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்தார். கொடுத்த விதையை எல்லாம் மணலுக்குள் புதைத்துவிட்டு, ஒன்றும் வரவில்லையே என்பது போல நிமிர்ந்து நிற்பதற்குக் கேஷியர். முப்பது வருஷம் கடையில் நின்றவர் வேறு என்ன பெயர் வைப்பார்?

ஊரில் எத்தனையோ பேர் நாலு பேர் காலைப் பிடித்து முன்னுக்கு வந்திருக்கிறார்கள். இவர் நாளுக்கு நாற்பது பேர் காலைப் பிடித்தும் இருந்த இடத்திலேயே இருந்தவர். குட்டை முக்காலியில் உட்கார்ந்து, வாடிக்கையாளரின் பாதத்தைத் தொடைமேல் வைத்து, கட்டைவிரலை அழுத்திப் பார்த்து, "கடிக்குதா சார்?" என்று கேட்பார். செருப்பைத்தான் கேட்பார். யாருடைய காலுறையிலும் மாட்டி இழுத்துவிடக் கூடாதென்று தன் கை நகங்களைச் சதையோடு சதையாக ஒட்ட வெட்டியிருப்பார். கல்யாண நாளிலிருந்து அவர் விரல்களில் நகம் வளர்ந்து அவள் பார்த்ததே இல்லை.

வீட்டிலும் அதே மாதிரி ஒரு முக்காலியில் உட்கார்ந்துதான் ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த இரண்டுக்கும் நகம் வெட்டுவார். பக்கத்தில் டார்ச் விளக்கு, குழந்தைகளுக்கு வெட்டுகிற சின்ன நகவெட்டி, ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் சோளமாவு. துண்டில் சுருட்டி ஒரு கையை மட்டும் வெளியே எடுப்பார். "கடிக்கிறீங்களா சார்?" என்று கேட்பார். இந்தக் கேள்வி செருப்பைப் பற்றியதில்லை.

அவள் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். கிட்டே போக மாட்டாள்.

"எலிக்கு இவ்வளவு உபசாரமா?"

"எலி இல்லம்மா, ஜெர்பில்."

"பேரை மாத்தினா எலி புலியாயிடுமா?"

அவர் அதற்குப் பதில் சொல்லாமல், கேட்காத பாடத்தை நடத்துவார். வாலைப் பிடித்துத் தூக்கக் கூடாது, தோல் கையோடு வந்துவிடும். நகத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் உள்ளே மெலிதாக ஒரு சிவப்புக் கோடு தெரியும், அது ரத்தம். அதற்கு முன்னால் நிறுத்திவிட வேண்டும். தவறிப் பட்டுவிட்டால் சோளமாவை வைத்து அழுத்த வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பின்னால் இருப்பதுதான் கால், முன்னால் இருப்பது கை. ஒருமுறை அவள் முன்னங்கால் என்று சொல்லிவிட்டாள். "கால் விஷயத்துல எனக்கு யாரும் சொல்லித்தர வேணாம். இது கை" என்றார். அவர் கோபப்பட்டு அவள் பார்த்தது அபூர்வம். அதனால் அந்த வீட்டில் அது கை என்றே ஆகிவிட்டது.

மூன்று மாதத்துக்கு முன் அவர் படுத்தார். இதயம் களைத்துவிட்டது, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூச்சு வாங்கியதால் கூப்பிட முடியவில்லை. தலைமாட்டில் ஒரு டம்ளரும் கரண்டியும் வைத்தார்கள். ஒரு தட்டு தட்டினால் தண்ணீர். இரண்டு தட்டினால் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். மூன்று தட்டினால் என்ன என்று அவள் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. சும்மா வா" என்றார்.

அவர் படுத்த வாரமே அவள் கண்ணாடிப் பெட்டியைத் துடைத்துச் சுத்தம் செய்தாள். மணலுக்குள் கரடுமுரடாக ஒரு கல் கிடந்தது. குப்பை என்று தூக்கி எறிந்துவிட்டாள். அதன் மேல் தோண்டித் தோண்டித்தான் அதுகளின் நகம் பாதி தேயும் என்பது அவளுக்குத் தெரியாது. அவரிடம் சொன்னபோது, "பரவால்ல, கல்லுதானே" என்றார். அதற்குப் பிறகு நகம் வளர ஆரம்பித்தது. உள்பக்கமாகச் சுருண்டு, கதிர் அரிவாள் போல வளைந்து, மேனேஜர் நடந்தால் கண்ணாடியில் டிக் டிக்கென்று சத்தம் வந்தது.

அவர் கேட்கத் தொடங்கினார். தினமும் இல்லை. முகம் துடைத்துவிடும்போது, தலையணையைச் சரிசெய்யும்போது, நடுவில் ஒரு சொல்லாக. "நகம் கொஞ்சம்…" என்பார். அவள் மாத்திரைகளைப் பிரித்துக்கொண்டே, எலிக்கு நகம் வெட்டவா எங்கப்பா என்னைக் கட்டிக் கொடுத்தார் என்பாள். அவர் சிரிப்பார். சிரிப்பு இருமலாகும். இருமல் நிற்பதற்குள் பேச்சு வேறெங்கோ போய்விடும்.

அன்று காலை மேனேஜர் மூக்கைச் சொறிந்துகொண்டபோது நகம் பட்டு ரத்தம் வந்துவிட்டது. அவர் படுத்ததிலிருந்து பெட்டி முன்னறையில்தான் இருந்தது. படுத்த இடத்திலிருந்தே பார்த்துவிட்டார். எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன் அப்போது அறையில் மின்விசிறிக்குக் கெபாசிட்டர் மாற்றிக்கொண்டிருந்தார். ஏணியில் நின்றவர் காதில் விழும்படியாகவே அவர் சொன்னார்.

"மேனேஜரைப் பாத்துக்கம்மா."

வேற்று மனிதர் முன்னால் அப்படிக் கேட்டதுதான் அவளுக்கு உறைத்தது. எலக்ட்ரீஷியன் போனதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்குப் போனாள். கதவைச் சாத்தினாள். ஒன்று தப்பித்து அலமாரிக்கு அடியில் போனால் அன்றைய பொழுது அதோடு போய்விடும். முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, டார்ச், நகவெட்டி, சோளமாவு எல்லாவற்றையும் அவர் வைப்பது போலவே வைத்தாள். கேட்காத பாடம் அத்தனையும் காதில் ஏறியிருந்தது அவளுக்கே ஆச்சரியம். மேனேஜர் அவள் மணிக்கட்டைப் பிறாண்டினார். ஒருதரம் கடித்தார். அவள் விடவில்லை. இடது கை முடிந்தது. வலது கையில் கடைசி விரல்.

மூன்று தட்டு என்பது அவளுக்குக் கேட்டது. எண்ணவும் செய்தாள். ஒன்று என்றால் தண்ணீர், ஓடியிருப்பாள். இரண்டு என்றால் முதுகு வலி, ஓடியிருப்பாள். மூன்று, சும்மாதானே.

வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, சிவப்புக் கோட்டுக்கு முன்னால் நிறுத்தி, கவனமாக வெட்டினாள். ஒரு சொட்டு ரத்தம் இல்லை. அவளுக்கே பெருமையாக இருந்தது. துண்டோடு மேனேஜரை மார்பில் அணைத்துக்கொண்டு, அவரிடம் காட்டுவதற்காக முன்னறைக்கு வந்தாள்.

"முடிஞ்சிடுச்சுங்க" என்றாள்.

அவர் முகம் கதவுப்பக்கம் திரும்பியிருந்தது. கரண்டி போர்வைமேல் கிடந்தது.

கொஞ்ச நேரம் கழித்துத் தெருமுனை டாக்டர் வந்து குழாயை வைத்துப் பார்த்துவிட்டு அதே வார்த்தையைச் சொன்னார். "முடிஞ்சிடுச்சும்மா." அதற்குள் அவள் மேனேஜரைப் பெட்டியில் விட்டு, மூடியைக் கொக்கி போட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவியிருந்தாள். அதைத்தான் முதலில் செய்தாள். அவரைத் தொடுவதற்கு முன்னால்.

முதலில் வந்து சேர்ந்தது நாத்தனார்.

நாத்தனாருக்குத் தையல் கடை. எந்தத் துணியையும் ஒரு பார்வை பார்த்து, எங்கே வெட்டியது, எங்கே ஒட்டுப் போட்டது என்று சொல்லிவிடுவாள். அண்ணன் மனைவியை அவள் முதலில் பார்த்த நாளிலேயே அளவெடுத்து, துணி போதாது என்று முடிவு செய்துவிட்டாள். 'அண்ணி' என்றுதான் கூப்பிடுவாள். அந்தச் சொல்லுக்குள் ஒரு குண்டூசி இருக்கும். எங்கே குத்தியது என்று தேடினால் கிடைக்காது. எங்க அண்ணனுக்கு ஒரு டம்ளர் காபி சூடா குடுக்க இந்த வீட்ல ஆளில்ல என்று அவள் சொன்னது ஒரு வருஷம் ஓடிய வழக்கு.

அவள் அண்ணனைப் பார்த்தாள். அழவில்லை. நேராக இவளிடம் வந்து நின்றாள்.

"அண்ணன் போறப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

இவள் வாயைத் திறந்தாள். சத்தியமாக உண்மையைச் சொல்லத்தான் திறந்தாள்.

"கையப் பிடிச்சிட்டு இருந்தேன்" என்றாள். "இன்னும் ஒரு விரல்தான்…"

யார் கை என்று சொல்வதற்குள் அழுகை வந்துவிட்டது. நாத்தனார் அவளைக் கட்டிக்கொண்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அதுதான் முதல் முறை. அந்தத் தோளில் துணியில் கோடு போடும் சுண்ணாம்புக் கட்டி வாசனையும் தையல் மெஷின் எண்ணெய் வாசனையும் வந்தன. மீதி வாக்கியம் அந்தத் தோளுக்குள் போய்விட்டது. பிறகு எடுக்க முடியவில்லை.

கட்டிக்கொண்டபோதுதான் நாத்தனார் அந்த மணிக்கட்டைப் பார்த்தாள். சிவந்த கீறல்கள், வரிவரியாக.

"எப்படிப் பிடிச்சிருக்கான் பாருங்க" என்றாள், வந்து நின்ற எலக்ட்ரீஷியனிடம். "நகம் பதிஞ்சிருக்கு."

அதற்குப் பிறகு கதைக்குக் கால் முளைத்தது. வருகிறவர்களுக்கெல்லாம் நாத்தனாரே சொன்னாள். கடைசி மூச்சுவரை அண்ணி கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். உயிர் போன பிறகும் அவன் விடவில்லை, ஒவ்வொரு விரலாகப் பிரித்தும் ஒரு விரலை மட்டும் விடவே இல்லை. கேட்டவர்கள் கீறலைப் பார்த்தார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், வெளியே போய்ப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அடுத்தவரிடம் சொன்னார்கள். வாசலுக்குப் போன கதையில் அவர் எழுந்து உட்கார்ந்து மனைவிக்கு நன்றி சொன்னார். மாடிப்படி இறங்கிய கதையில் அவளைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு ஜன்னல்வரை நடந்தார். இன்னும் ஒரு தெரு தள்ளிப் போயிருந்தால் பிழைத்தே இருப்பார்.

இவள் சுவரோரம் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். பார்த்தவர்கள் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். புருஷன்மார்களைக் கூட்டிக்கொண்டு வந்திருந்த பெண்கள் அவர்களை ஒரு பார்வை பார்த்தார்கள். ஒருத்தி தன் புருஷன் காதில், "நீங்களும் இருக்கீங்களே" என்று சொன்னது இவளுக்கும் கேட்டது. கீறல் எரிந்தது. முந்தானையால் மூடினால் யாராவது வந்து விலக்கிப் பார்த்தார்கள்.

மத்தியானம் எலக்ட்ரீஷியன் அறைக்குள் எட்டிப் பார்த்து, "மேனேஜர் வெளிய நிக்கிறாரும்மா" என்றார்.

இவள் துள்ளி எழுந்தாள். "யாரு திறந்து விட்டது?" என்று கேட்டுக்கொண்டே, கொடியில் கிடந்த துண்டை உருவி விரித்துப் பிடித்தபடி குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். துண்டு போய் முட்டியது ஒரு ஜோடி பளபளப்பான கறுப்பு ஷூவில். அதற்கு மேல் காற்சட்டை, அதற்கு மேல் பெல்ட், அதற்கும் மேலே செருப்புக் கடையின் மேனேஜர்.

அவர் துண்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். துக்கம் இப்படியும் செய்யும் என்று முடிவு செய்துகொண்டு கைகூப்பினார். எலக்ட்ரீஷியன் அவரை ஓரமாக அழைத்துப்போய், காலையில் தன் காதால் கேட்டதைச் சொன்னார். திரும்பி வந்தபோது மேனேஜரின் முகம் வேறாக இருந்தது.

"கடைசியா என்னைப் பாத்துக்கச் சொன்னாராமே."

அவள் துண்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"நான் அவரைக் கடையில ஒரு நாள் சும்மா உட்கார விட்டதில்லம்மா. கஸ்டமர் இல்லாட்டியும் நில்லுய்யான்னு சொல்வேன். முக்காலி கஸ்டமருக்கு முன்னாடி உட்காரத்தான்னு…" அவர் குனிந்து தன் ஷூவைப் பார்த்தார். "அவருக்கு எம்மேல கோபமே இல்லியா?"

பின்னறையிலிருந்து கண்ணாடியைப் பிறாண்டும் சத்தம் வந்துகொண்டிருந்தது. அவளுக்கு மட்டும் கேட்டது.

"இல்லைங்க. உங்களைப் பத்தி அடிக்கடி பேசுவாரு" என்றாள். "நீங்க சரியா சாப்பிடறீங்களா, தூங்கறீங்களான்னு."

அதுவும் உண்மைதான். ஆனால் மேனேஜர் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பியபோது, உண்மையாலும் ஒருவரை இப்படி ஏமாற்றலாம் என்பது அவளுக்குப் புரிந்தது. காலையில் ஒரு பொய், மத்தியானம் ஒரு பொய். இரண்டிலும் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அவள் மறுபடி சுவரோரம் போய் உட்கார்ந்தாள்.

மயான வேன் வருவதற்கு முன் அவருக்குச் சட்டை மாற்ற வேண்டியிருந்தது. நாத்தனார் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள். அண்ணனுக்கு அவளே தைத்த முழுக்கைச் சட்டை, வெள்ளை. இவள் தோளைத் தூக்கிப் பிடிக்க, நாத்தனார் வலது கையை எடுத்துச் சட்டைக் கைக்குள் நுழைத்தாள். மணிக்கட்டில் பொத்தானைப் போடுவதற்காக அந்தக் கையைத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

அங்கேயே நின்றுவிட்டாள்.

இவள் பார்த்தாள். அந்த விரல்களில் நகம் இல்லை. படுக்கையில் விழுந்த பிறகும் வாராவாரம் கேட்டு வெட்டிக்கொண்ட நகம். ஒட்ட, சதையோடு சதையாக. அது ஒரு காகிதத்தைக்கூடக் கீறாது.

அண்ணனின் விரல் நுனிகளை நாத்தனார் ஒவ்வொன்றாகத் தடவினாள். பிறகு கண்ணை மட்டும் உயர்த்தி இவள் மணிக்கட்டைப் பார்த்தாள். கீறல்கள் மெல்லியவை. நூல் நூலாக, நெருக்கமாக. மனிதக் கை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அந்த அளவுக்கு வராது. அளவெடுத்தே பிழைத்தவளுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பின்னறையில் பிறாண்டும் சத்தம் கேட்டது. இந்த முறை இரண்டு பேருக்கும்.

இவள் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். சொல்ல ஓர் ஆள் நேரே நிற்கிறாள், கதவு சாத்தியிருக்கிறது, இதைவிட்டால் இல்லை என்று நினைத்தாள். தோளைத்தான் இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடித்தாள்.

நாத்தனார் பொத்தானைப் போட்டாள். அடுத்த கைக்கும் போட்டாள். பிறகு போர்வையை மார்புவரை இழுத்து, அண்ணனின் இரண்டு கைகளையும் எடுத்துப் போர்வைக்கு அடியில் வைத்தாள். ஓரத்தைப் பிரிக்க முடியாதபடி இறுக்கிச் செருகினாள்.

"கை குளிரும்" என்றாள், யாரையும் பார்க்காமல்.

கதவைத் திறந்தாள். வெளியே காத்திருந்த கூட்டத்தில் புதிதாக வந்த ஒருவர், கடைசி நேரத்தில் யார் கூட இருந்தார்கள் என்று கேட்டார்.

"அண்ணி இருந்தாங்க" என்றாள் நாத்தனார். "கைய விடவே இல்ல."

அந்த 'அண்ணி'க்குள் இவள் குண்டூசியைத் தேடினாள். இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது. திட்டு வாங்கியிருந்தால் மனசில் இருப்பது ஒரு பக்கமாவது தேய்ந்திருக்கும். இதை எங்கே கொண்டுபோய் இறக்கி வைப்பது?

வேன் போயிற்று. நாற்காலிகளை அடுக்கி எடுத்துக்கொண்டு போனார்கள். நாத்தனார் அன்று தன் வீட்டுக்குப் போகவில்லை. ஏன் என்று இவளும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் இவள் எழுந்து வந்தபோது நாத்தனார் பின்னறையில் முக்காலிக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். மூக்குக் கண்ணாடி நெற்றிமேல் ஏறியிருந்தது. முக்காலிக்கு அடியில், பெருக்காத தரையில், நேற்றைய நகத்துண்டுகள் கிடந்தன. பிறைபிறையாக, அரிசிக் குருணையைவிடச் சின்னதாக. அவற்றில் ஒன்று நாத்தனாரின் விரல்நுனியில் ஒட்டியிருந்தது.

"இந்த எலிக்கு வெட்டியிருக்கு. அந்த எலிக்கு வெட்டலியே."

"எலி இல்ல" என்றாள் இவள். குரல் கரகரத்தது. "ஜெர்பில்."

நாத்தனார் நிமிர்ந்து பார்த்தாள். பேரை மாற்றினால் என்ன ஆகிவிடும் என்று அவளும் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கொடியிலிருந்து துண்டை எடுத்து மடியில் விரித்தாள்.

"எப்படிப் பிடிக்கணும்?"

"வாலைத் தொடக் கூடாது. தோல் வந்துடும்."

"ம்."

"முன்னாடி இருக்கறது கை."

"கைதானே" என்றாள் நாத்தனார்.

கேஷியர் முதலில் ஒத்துழைக்கவில்லை. இரண்டு தடவை நழுவி, ஒரு தடவை நாத்தனாரின் தொடையில் தன் கணக்கைத் தீர்த்துக்கொண்டு, கடைசியில் துண்டுக்குள் அடங்கியது. நாத்தனார் அதைச் சுருட்டியது ஒரு சட்டைக் காலரை மடிப்பதுபோல அவ்வளவு துல்லியமாக இருந்தது. இவள் டார்ச்சைத் தோளுக்கும் கன்னத்துக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள். சிவப்புக் கோடு தெரிந்தது. வெட்டினாள். ஒரு கை முடிந்தது. அடுத்த கையும் ஏறக்குறைய முடிந்தது. நகவெட்டியின் சத்தம் மட்டும்.

துண்டுக்குள் திமிறல் கூடியது. நாத்தனாரின் விரலைத் தேடிப் பல் நீண்டது.

"இன்னும் எவ்வளவு இருக்கு அண்ணி?"

"இன்னும் ஒரு விரல்தான்."

சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. நகவெட்டி நகத்தைக் கவ்வியபடி அப்படியே நின்றது. அவள் முகம் முன்னறைப் பக்கம் திரும்பியது. கதவு திறந்துதான் இருந்தது. கட்டில் தெரிந்தது, அதன்மேல் விரிப்பில்லாத மெத்தை தெரிந்தது, தலைமாட்டில் கழுவாத டம்ளர் தெரிந்தது. அவள் காது கொடுத்துக் கேட்டாள். கேட்டுக்கொண்டே இருந்தாள்.

நாத்தனார் என்ன என்று கேட்கவில்லை. டம்ளரைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள். கடிபட்ட விரலை இழுக்காமல் துண்டைப் பிடித்தபடியே இருந்தாள்.

வெகுநேரம் கழித்து இவள் நகவெட்டியை எடுத்துவிட்டாள்.

"போதும். விட்டுடு."

நாத்தனார் பெட்டியில் விட்டாள். கேஷியர் உடம்பை ஒருதரம் சிலிர்த்துவிட்டு மணலின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு ஓடியது. இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். ஓடிய வழியெல்லாம் சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தடம் விழுந்திருந்தது. அதன் ஓரத்தில், வெட்டாத அந்த ஒரு நகம் இழுத்துக்கொண்டு போன கோடு, பெட்டியின் இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை.

இதில் எதையும் அந்த இரண்டு பெண்களும் இன்றுவரை எவரிடமும் சொன்னதில்லை, ஒருவரிடம் ஒருவர்கூட.